உப்புக் கணக்கு

விடிகாலை நாலே முக்காலுக்கு
ராமநாதபுரத்து பஸ் வந்து நிற்கும்.
திருப்பூர் பஸ் ஸ்டாண்டில்
பனியன் பண்டல்களுக்கு நடுவே
ஒரு தெர்மாகோல் பெட்டியை இறக்கி வைப்பார்கள்.
உள்ளே பத்துப் பைகள்.
பைக்கு ஒரு மீன், கொஞ்சம் ஆக்ஸிஜன்,
இரண்டு நாள் பட்டினி.
வழியில் தண்ணீரை அழுக்காக்கக் கூடாதே.

சென்னியப்பன் ஒவ்வொன்றாய் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்.
"ஏழுங்க" என்பார்.
மிச்ச மூன்றை எண்ணுகிற வழக்கம் கடையில் இல்லை.
நான் எண்ணினேன்.
எண்ணுவதுதான் பிழைப்பு எனக்கு.

பகலில் சாயக்கழிவு நிலையத்து லேப்.
நீலம் கழுவிய நீர், சிவப்பு கழுவிய நீர்,
லிட்டருக்கு எத்தனை கிராம் உப்பென்று
எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.
சாயங்காலம் மீட்டரைத் துடைத்துக்கொண்டு
அவிநாசி ரோட்டுப் பங்களாக்களில்
கடலை அளக்கப் போவேன்.
நொய்யலில் உப்பு ஏறினால் குற்றம்,
தொட்டியில் உப்பு இறங்கினால் குற்றம்.
நடுவில் எனக்கு
மாதம் நாலாயிரம் கூடுதல்.

பனியன் ஏற்றுமதிக்காரர் பழனிவேலப்பன் வீட்டு ஹாலில்
எட்டடி நீளக் கடல்.
கரண்ட் போனால் ஜெனரேட்டர்
முதலில் அதற்குத்தான் ஓடும்.
அதில் ஒரு மஞ்சள் மீன்,
கண்ணின் குறுக்கே கறுப்புக் கோடு.
உயிருள்ள பவளத்தைக் கொறிக்க மட்டுமே
தெரிந்த சின்ன வாய்.
பக்கத்தில் விழும் உருண்டைத் தீனியை
மனஸ்தாபமான வீட்டுப் பந்தியில்
கை நனைக்காமல் எழுந்து போகிறவர் மாதிரி
தாண்டிப் போகும்.
பதினெட்டாம் நாள் அதன் முதுகு
பிளேடாய்த் தெரிந்தது.
"அடுத்த வாரம் வேறொண்ணு வருதுங்க"
என்று சென்னியப்பன்
பில்லில் 'மாற்று' என எழுதினார்.

பெட்டி மூடியில் ஸ்கெட்ச் பேனாவில் ஒரு நம்பர்.
அடித்தேன். நம்புவேல் எடுத்தார்.
"அந்த மஞ்சளா? அது திங்காதுன்னு எங்களுக்குத் தெரியும்.
கேக்குறாங்க, புடிக்கிறோம்.
சில பேரு மருந்து பீச்சுவான்,
மீனு மயங்கும், பாறை செத்துப்போகும்.
எனக்குக் கைவலைதான். ஒரு பாறையில மூணு எடுத்தா
மாசம் ஒண்ணு அந்தப் பக்கம் போக மாட்டேன்.
ஆனா உங்க ஊர்ல
ரெண்டுக்கும் ஒரே வெலை."

"எல்லாரும் வாங்கறத நிறுத்திட்டா?"

மோட்டார் சத்தம் கொஞ்ச நேரம்.
"இழுவைமடிக்கு ஆளா போவேன்.
அது பாறையவே வழிச்சுக்கிட்டு வரும்."

அதற்கு என்னிடம் பதில் இல்லை, இப்போதும்.

அந்த மாத ரிப்போர்ட்டில் உப்பு, சூடு, அமோனியா
எல்லாம் எழுதியபின் கீழே நானாக எழுதினேன்:
வந்தது பத்து. இறங்கியது ஏழு.
முப்பதாம் நாள் நாலு.
பிடித்த விதம்: தெரியாது.

பழனிவேலப்பன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.
"பஞ்சு எந்தக் காட்டுல வெளைஞ்சுதுன்னு
ஜெர்மன்காரன் எங்கிட்டக் கேக்கறான்.
இப்ப மீனுக்கும் நான் சர்டிபிகேட் கேக்கோணுமாக்கும்?"
சிரித்தார்.
பிறகு தொட்டிப் பக்கம் திரும்பி
ரொம்ப நேரம் நின்றார்.
சிரிப்பு எப்போது நின்றதென்று பார்க்கவில்லை.
நான் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

போன வியாழக்கிழமைப் பெட்டியில்
ஆறே பைகள். ஆறும் உயிரோடு.
மஞ்சள் இல்லை.
மீன் ஒன்றுக்கு முன்னூறு ரூபாய் கூடுதல்.
ஒவ்வொரு பையிலும் ஒட்டிய தாளில்
'கைவலை' என்று எழுதியிருந்தது,
ஈரத்தில் கொஞ்சம் கரைந்து.

எழுதியது நம்புவேலா, சென்னியப்பனா
தெரியவில்லை.
மீட்டரை எடுத்து
மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டேன்.
அதை அளக்க
அதில் முள் இல்லை.